கீச்சிடும் கணினி: வெள்ளவத்தையில் ஒரு பழுதுபார்ப்புப் பதிவு

என் மருமகனுக்காக உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி வீட்டிலேயே பொருத்திய மேசைக் கணினி இது. உள்ளேயே சிறிய கிராபிக்ஸ் பகுதியைக் கொண்ட ஆறு கோர் புரொசெசர், முழுச் சுமையில் 170 வாட் வரை இழுக்கும் தனிக் கிராபிக்ஸ் கார்ட், 650 வாட் பவர் சப்ளை, 144 ஹேட்ஸ் திரை ஆகியவை இதிலுள்ளன. அவன் மிருதங்கம் பயில்பவன் என்பதால், வகுப்புப் பதிவுகளைத் தெளிவாகக் கேட்பதற்காகப் பாவித்த ஸ்டூடியோ ஸ்பீக்கர் சோடி ஒன்றையும் வாங்கிக் கொடுத்திருந்தோம். கணினி குறையின்றி இயங்கியது, ஆனால் கீச்சிட்டது. "மாமா, கேம் போட்டால் பெட்டி கத்துது, மௌஸை அசைச்சால் ஸ்பீக்கர் கத்துது" என்று அவன் தொலைபேசியில் சொன்னதிலேயே பாதி நோயறிதல் அடங்கியிருந்தது. பெட்டியிலிருந்து நேரே காற்றில் வரும் ஒலி ஒன்று. கம்பி வழியே ஸ்பீக்கருக்குள் புகுந்து அங்கே ஒலியாக மாறும் மின் இரைச்சல் இன்னொன்று. இரண்டும் ஒரே மாதிரிக் காதில் விழுந்தாலும் காரணமும் வேறு, மருந்தும் வேறு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பணத்தைச் செலவழிப்பவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

பிரிப்பதற்கு ஒரு கருவியும் தேவையில்லை. ஸ்பீக்கரின் மின்சுவிட்சை அணைத்த பிறகும் கேட்பது பெட்டியின் ஒலி. அணைத்தவுடன் மறைவது கம்பி வழி இரைச்சல். இந்த வீட்டில் இரண்டும் இருந்தன. காலி வீதி வாகனங்களும் கரையோர ரயிலும் ஓய்ந்த பின்னிரவில், கூரை மின்விசிறியை நிறுத்திவிட்டு, முதலில் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

ஒலி பிறக்கும் இடத்தைத் தேடும்போது காதை நம்புவது கடினம். உயர் மீடிறன் (அதிர்வெண்) ஒலி சுவரிலும் கண்ணாடிப் பலகையிலும் பட்டுத் தெறித்து, எங்கிருந்தோ வருவது போலத் தோன்றும். சமையலறைக் காகிதச் சுருளின் நடுவிலிருக்கும் அட்டைக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கிராபிக்ஸ் கார்ட், மதர்போர்டின் மேல் இடது பகுதி, பவர் சப்ளையின் காற்றுத் துவாரம் ஆகியவற்றின் அருகே மெதுவாக நகர்த்தினேன். அட்டைக் குழாய் மின் கடத்தாது என்பதால் பலகையைத் திறந்து வைத்துச் செய்தாலும் ஆபத்தில்லை. உலோகக் குழாயை இதற்கு எடுக்கவே கூடாது. மின்விசிறிகளை மென்பொருள் மூலம் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, ஒலி அவற்றினுடையதல்ல என்பதையும் உறுதிசெய்துகொண்டேன். கார்டின் பின்பாதியில், மின் இணைப்பு நுழையும் இடத்துக்கு அருகே, ஊசி போன்ற கூர்மையுடன் ஒலி எழுந்தது.

அடுத்ததாக, கைத்தொலைபேசியில் மீடிறன் வரைபடம் காட்டும் ஸ்பெக்ட்ராய்ட் என்ற செயலியைத் திறந்து, தொலைபேசியைப் பெட்டிக்கருகில் வைத்தேன். விளையாட்டு ஒன்றின் தொடக்கப் பட்டியலில், திரையில் வரைவதற்கு ஏறக்குறைய எதுவுமே இல்லாத நிலையில், கார்ட் நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்களை வெறுமனே வரைந்து தள்ளிக்கொண்டிருந்தது. படவீதத்துக்கு 900 என்று வரம்பிட்டபோது வரைபடத்தில் 900 ஹேட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கூரான உச்சங்கள் எழுந்தன. வரம்பை 600 ஆக்கியதும் எல்லா உச்சங்களும் கீழே இறங்கி 600இன் மடங்குகளில் போய் நின்றன. ஒலி படவீதத்தைப் பின்தொடர்கிறது என்றால் மூலம் கிராபிக்ஸ் கார்டின் மின்வழங்கல் பகுதிதான் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. கொயில் வைன் என்று பொடியள் சொல்வது இதைத்தான்.

இது ஏன் நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டைச் சிப்புக்கு வேண்டிய ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைப்பதற்கு, கார்டில் வரிசையாகச் சிறு தூண்டற்சுருள்கள் உள்ளன. அவற்றுக்கு மின்னோட்டத்தை இட்டும் வெட்டியும் கொடுக்கும் சுவிட்சுகள் நொடிக்குச் சில இலட்சம் தடவை இயங்குகின்றன. மனிதக் காது 20 கிலோஹேட்ஸுக்கு மேல் கேட்பதில்லை என்பதால் அந்த வேகம் நமக்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் ஒவ்வொரு படத்தையும் வரையத் தொடங்கும்போது சுமை ஏறி, வரைந்து முடிந்ததும் இறங்குகிறது. இந்த ஏற்றவிறக்கம் நொடிக்கு நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ நிகழ்வதால் அது செவிக்குரிய எல்லைக்குள் வந்துவிடுகிறது. மின்னோட்டம் மாறும்போது சுருளின் சுற்றுகளுக்கிடையிலான காந்த விசையும் மாறுகிறது, சுருளின் நடுவிலுள்ள உள்ளகமும் காந்தமாகும் அளவுக்கேற்ப நுண்ணியதாக நீண்டு சுருங்குகிறது. சுருளுக்குப் பக்கத்தில் மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் பீங்கான் கொள்ளளவிகளும் (கப்பாசிட்டர்) மின்னழுத்தம் மாறும்போது சற்றே உருமாறி, தாம் ஒட்டியிருக்கும் பலகையை அதிரச் செய்கின்றன. கொள்ளளவி அரிசிமணியை விடச் சிறியதாயினும் பலகை பெரியது. நாம் கேட்பது பெரும்பாலும் பலகையின் அதிர்வையே.

கணினி வாங்கிய பம்பலப்பிட்டிக் கடையில் இதைச் சொன்னபோது, "அண்ணை, சப்ளையை மாத்தினால் சரி வரும், 850 வாட் ஒண்டு போடுங்கோ" என்றார் அங்கிருந்தவர். சில வேளைகளில் அது சரியாகவும் இருக்கக்கூடும். மின்வழங்கலின் வெளியீட்டில் உள்ள அலைவு கார்டின் ஒலியைக் கூட்டலாம் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன்னர், நண்பரிடம் இருந்த வேறு வகைப் பவர் சப்ளையை இரவல் வாங்கி, அதற்குரிய கேபிள்களையே பாவித்து இணைத்துப் பார்த்தேன். ஒரு பவர் சப்ளையின் கேபிளை இன்னொன்றில் செருகக் கூடாது. செருகிகள் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருந்து பாகங்களை எரித்துவிடும். ஒலி அணுவளவும் குறையவில்லை. கார்டைக் கழற்றிவிட்டுப் புரொசெசரின் உள் கிராபிக்ஸில் ஓட்டியபோது அந்த ஒலி அறவே இல்லை. 850 வாட்டுக்கான பணம் மிஞ்சியது.

சுருள்களின் மேல் பசை ஊற்றுவது பற்றிப் பலர் கேட்பார்கள். பழைய பவர் சப்ளைகளிலும் மதர்போர்டுகளிலும் செப்புக் கம்பி வெளியே தெரியும் வளையச் சுருள்கள் இருந்தன. தளர்ந்த சுற்றுகளை வார்னிஷ் அல்லது எப்பொக்சி கொண்டு இறுக்கினால் அங்கே பலன் கிடைத்தது. இந்தக் கார்டில் இருப்பவையோ உலோகத் தூளோடு சேர்த்து அழுத்தி வார்த்த சதுரக் கட்டிகள். கம்பி ஏற்கெனவே உள்ளே புதைந்திருப்பதால் வெளியே எதைப் பூசினாலும் பயன் சொற்பம், உத்தரவாதம் போவது மட்டும் நிச்சயம். வினாகிரி வாடை வீசும் சாதாரண சிலிக்கோன் பசை செப்பை அரிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். ஏற்கெனவே கடற்காற்றின் உப்பில் திருகாணிகள் துருவேறும் வெள்ளவத்தையில் அந்த வேலை தேவையில்லாதது. பவர் சப்ளையின் உள்ளே கைவைப்பதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதன் பெரிய கொள்ளளவி 400 வோல்ட்டை அண்டிய மின்னேற்றத்தை, செருகியைக் கழற்றிய பின்னும் வைத்திருக்கக்கூடும்.

செய்தவை எல்லாம் அமைப்பு மாற்றங்களே. படவீதத்தைக் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் அமைப்பிலேயே 141 என்று வரம்பிட்டேன். 144 ஹேட்ஸ் திரைக்கு அதற்கு மேல் வரைந்து பயனில்லை, தொடக்கப் பட்டியலின் வெறிபிடித்த வேகமும் அதோடு ஓய்ந்தது. பின்னர் ஆஃப்டர்பேர்னர் மென்பொருளில் கார்டின் வோல்டேஜ் வளைகோட்டைத் திறந்து, அதே வேகத்தை ஏறத்தாழ 0.9 வோல்ட்டில் ஓடும்படி படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் கடினமான காட்சிகளை நெடுநேரம் ஓடவிட்டுச் சோதித்தேன். மின்நுகர்வு கணிசமாக இறங்கியது. மின்னோட்டம் குறைந்தால் சுருளின் மேலான விசையும் குறையும் என்பதால் ஒலியும் தணிந்தது. கொழும்பின் வெக்கையில் அறைச் சூடு குறைந்ததை மருமகனின் தாய், அதாவது என் அக்கா, ஒலி குறைந்ததை விடப் பெரிய ஆதாயமாகக் கருதினார். இறுதியாகப் பெட்டியை மேசை மேலிருந்து இறக்கி, கண்ணாடிப் பக்கம் இருப்பவரின் கால்களை நோக்கும்படி வலது புறத்தில் வைத்தோம். உயர் மீடிறன் ஒலி நேர்கோட்டில் செல்லும் இயல்புடையது. அதன் பாதையிலிருந்து காதை விலக்கினாலே பாதிப் பங்கு போய்விடும். பஞ்சு ஒட்டிப் பெட்டியை அடைப்பதை நான் விரும்பவில்லை. இந்தத் தட்பவெப்பத்தில் காற்றோட்டம் தடைப்பட்டால் மின்விசிறிகள் வேகமெடுத்து வேறொரு இரைச்சலைக் கொண்டுவரும்.

கார்ட் அடங்கிய பிறகு, அதுவரை அதன் கீழ் மறைந்திருந்த மெல்லிய ஒலி ஒன்று கேட்டது: இணையப் பக்கத்தை மேலும் கீழும் உருட்டும்போது மட்டும் சில்வண்டு போல ஒரு ரீங்காரம். இது புரொசெசருக்கு மின் வழங்கும் மதர்போர்டுச் சுருள்களிலிருந்து வந்தது. வேலையில்லாத கணங்களில் புரொசெசர் உறக்க நிலைக்குப் போவதும், உருட்டும்போது விழித்தெழுவதும், மீண்டும் உறங்குவதுமாகச் சுமை துடிப்பதால் ஏற்படுவது. கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பட்டியலான பயோஸில், சி ஸ்டேட் எனப்படும் உறக்க நிலைகள் அனைத்தையும் அணைத்தால் ஒலி முற்றாக நின்றது, ஆனால் சும்மா இருக்கும்போதும் மின் செலவு கூடியது. ஆழமான நிலைகளை மட்டும் தடுத்து, மேலோட்டமானவற்றை விட்டுவைத்தபோது காதைப் பெட்டிக்குள் வைத்தாலொழியக் கேட்காத அளவுக்கு ஒலி குறைந்தது. மின்பட்டியலை நினைத்து அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஸ்பீக்கரின் விடயம் இதைவிட முக்கியமானது. ஏனெனில் அதற்குள் ஒரு பாதுகாப்புக் குறை ஒளிந்திருந்தது. ஸ்பீக்கரில் அடியொலியாக ஓர் உறுமலும், அதன் மேல் மௌஸை அசைக்கும்போதெல்லாம் "ஜிர்ர்" என்ற கீறலும் கேட்டன. முன்புறப் பொருத்தியில் ஹெட்போனைச் செருகினால் கீறல் இன்னும் கூடியது. அதற்கான கம்பி கிராபிக்ஸ் கார்டின் அடியால் ஓடுவதால் அது எதிர்பார்க்கத்தக்கதே. பாவிக்காத மைக் உள்ளீட்டைக் கணினியின் ஒலி அமைப்பில் அணைத்ததும் சீறல் ஒன்று குறைந்தது. ஆனால் உறுமல் அசையவில்லை. அதே ஸ்பீக்கருக்கு பற்றரியில் ஓடும் மடிக்கணினியை இணைத்தபோது மயான அமைதி. அதனால் ஸ்பீக்கர் குற்றமற்றது என்றானது.

ஒலிக் கம்பி மடிக்கணினியிலேயே இருக்க, பெட்டியின் பின்புறத் திருகாணியைப் புறங்கையால் தொட்டபோது மெல்லிய மின் கூச்சம் உணரப்பட்டது. உடனே மல்டிமீட்டரை எடுத்து, கணினி செருகப்பட்டிருந்த மல்டி பிளக்கில் அளந்தேன். லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டிய சரியான அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வோல்ட்டைத் தாண்டிய அளவு. எர்த் ஒழுங்காக இருந்தால் அங்கே சில வோல்ட்டுகளே காட்ட வேண்டும். எர்த் கம்பி எங்கோ அறுந்து தொங்குகிறது என்பதே இதன் பொருள். பவர் சப்ளைகளின் நுழைவாயிலில் லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டி உலோகத்துக்கு இரு சிறு கொள்ளளவிகள் இரைச்சலை வடிகட்டுவதற்காகப் பொருத்தப்பட்டிருக்கும். எர்த் இல்லாதபோது இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பெட்டி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழப் பாதியில் மிதந்துகொண்டிருக்கும். கசியும் மின்னோட்டம் மிகச் சிறியதுதான், ஆனால் அதற்கு ஒரு வழி தேவை. ஸ்பீக்கரோ மூன்று முனைச் செருகியோடு வேறொரு சுவர்ப் பொயின்டில், நல்ல எர்த்தோடு இருந்தது. ஆகவே கணினியின் கசிவு மின்னோட்டம் முழுவதும் ஒலிக் கம்பியின் வெளிப் பின்னல் வழியே ஸ்பீக்கருக்குப் போய், அங்கிருந்து நிலத்துக்கு இறங்கியது. அந்தப் பின்னல்தான் ஒலிச் சமிக்ஞைக்கும் பொது வழி என்பதால், அதில் ஓடிய அனைத்தும் ஸ்பீக்கரில் கேட்டன.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. அந்த அறையில் பழைய காலத்து வட்டமுனை 5 அம்பியர் பொயின்ட் இருந்தது. அதில் சதுரமுனைச் செருகியை ஏற்பதற்கான அடப்டர் ஒன்று, அதன் மேல் மல்டி பிளக். அடப்டரைக் கழற்றிப் பார்த்தால், எர்த் முனைக்குரிய பித்தளைத் தகடு பச்சை பூத்து விரிந்து, செருகிய முனையைத் தொடாமலே நின்றது. இலங்கையில் 13 அம்பியர் சதுரமுனை ஒரே நியமமாக ஆக்கப்பட்ட பின்னரும் பழைய வீடுகளில் வட்டமுனைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கிடையே பாலமாக நிற்கும் மலிவான அடப்டர்களில் இந்தக் குறை சாதாரணம். மின்னியலாளரை அழைத்து அந்தப் பொயின்டை அகற்றி, எர்த் கம்பி வீட்டின் மின்விநியோகப் பெட்டிவரை தொடர்கிறதா என்று சோதித்து, 13 அம்பியர் பொயின்ட் போடச் செய்தோம். மின்கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானையும் அவர் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். உறுமலை ஒழிக்க ஸ்பீக்கரின் எர்த் முனையை வெட்டிவிடுங்கள் என்று சிலர் சொல்வதுண்டு. உறுமல் ஒழியலாம், உள்ளே லைவ் கம்பி ஒன்று தளர்ந்து உலோகத்தைத் தொட்டால் அதை முதலில் அறிபவர் தொட்ட மனிதராகவே இருப்பார். அந்த யோசனையை எவர் சொன்னாலும் கேட்கக் கூடாது.

புதிய பொயின்டிலேயே கணினியையும் ஸ்பீக்கரையும் ஒன்றாக இணைத்ததும் உறுமலில் பெரும்பகுதி போயிற்று. மிஞ்சியது 50 ஹேட்ஸில் ஒரு மெல்லிய அடியொலியும், மௌஸின் கீறலும். கணினித் திரையின் இரண்டாவது உள்ளீட்டில் செய்மதித் தொலைக்காட்சிப் பெட்டி இணைக்கப்பட்டிருந்தது. அதன் அன்டெனாத் தட்டு பல்கனியின் இரும்புக் கம்பியில் பூட்டப்பட்டிருந்தது. தட்டுக் கேபிளைக் கழற்றியதும் அடியொலி மறைந்தது. இரும்புக் கம்பி, தட்டு, கேபிள், திரை, கணினி, ஸ்பீக்கர், எர்த் என்று ஒரு பெரிய மின் வளையம் உருவாகி, அதில் ஓடிய மின்னோட்டம் ஒலிக் கம்பியிலும் புகுந்திருந்தது. சாதாரண அன்டெனாக் கேபிளானால் இடையில் மின் தொடர்பைத் துண்டித்துச் சமிக்ஞையை மட்டும் கடத்தும் தனிமைப்படுத்தி ஒன்றைச் செருகலாம். செய்மதித் தட்டுக்கோ அதே கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் நேரோட்டம் போக வேண்டும், வழமையான தனிமைப்படுத்தி அதையும் தடுத்துவிடும்.

எனவே ஒலிக் கம்பியின் பக்கமே வெட்ட வேண்டியிருந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சிறு மின்மாற்றி கொண்ட ஒலித் தனிமைப்படுத்தி ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதை இணைத்ததும் இரைச்சல் எல்லாம் ஒரேயடியாக ஒழிந்தது. மிருதங்கத்தின் தொப்பியும், அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கமும், கூடவே ஒழிந்தது. வலந்தலையின் நாதம் சரியாகக் கேட்க, தொப்பியின் கும்காரம் மட்டும் நெஞ்சில்லாமல் தட்டையாக ஒலித்தது. அந்த அளவு சின்ன மின்மாற்றியின் உள்ளகம் தாழ்ந்த மீடிறன்களில் விரைவில் காந்தத்தால் நிரம்பிவிடும், அதற்குமேல் சமிக்ஞையைக் கடத்தாது. பேச்சு கேட்பவருக்கு இது போதும், மிருதங்கம் கேட்பவருக்குப் போதாது.

மதர்போர்டின் பின்னால், தூசு மூடியோடு எவரும் தொடாத சதுரத் துளை ஒன்று இருந்தது. மூடியை நீக்கினால் உள்ளே செந்நிற ஒளி மினுங்கும். 1983இல் தோஷிபா அறிமுகப்படுத்திய டொஸ்லிங்க் ஒளியிழை இணைப்பு அது. ஒலி அங்கே ஒளித் துடிப்புகளாகப் பிளாஸ்டிக் இழையில் செல்கிறது. செப்பு இல்லை, ஆகவே கணினியிலிருந்து ஸ்பீக்கருக்கு மின்னோட்டம் போக வழியும் இல்லை. ஒளியிழை உள்ளீட்டை ஏற்று ஒலியாக மாற்றும் சிறு பெட்டி ஒன்றை வாங்கி ஸ்பீக்கருக்கருகில் வைத்தேன். அதற்கான 5 வோல்ட்டைக் கணினியின் யூ.எஸ்.பி.யிலிருந்து எடுக்காமல், தனிச் சார்ஜரிலிருந்து கொடுப்பது கட்டாயம்; யூ.எஸ்.பி.யிலிருந்து கொடுத்தால் வெட்டிய வளையத்தை நாமே மீண்டும் கட்டியவர்களாவோம். செய்மதிப் பெட்டியை இருந்த இடத்திலேயே இணைத்து, கிராபிக்ஸ் கார்டை முழுச் சுமையில் ஓட்டி, ஸ்பீக்கரின் ஒலியளவை உச்சத்தில் வைத்து மௌஸை அசைத்துப் பார்த்தோம். ஸ்பீக்கரின் சொந்தச் சீறலைத் தவிர வேறெதுவும் இல்லை. தொப்பியும் திரும்பி வந்தது.

தீர்க்காமல் விட்டது ஒன்றுண்டு. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் அக்கா வீட்டில் வாங்கிய யூ.பி.எஸ். பற்றரியில் ஓடும்போது படிப்படியான சதுர அலையையே தருகிறது. அந்த அலையின் செங்குத்தான ஏற்றத்தைக் காணும் ஒவ்வொரு தடவையும் பவர் சப்ளையின் நுழைவுச் சுருள் அதிர்ந்து, கரண்ட் போனதும் பெட்டி உரத்து உறுமுகிறது. தூய சைன் அலை தரும் யூ.பி.எஸ். ஒன்றை வாங்கினால் அது நின்றுவிடும். ஆனால் கரண்ட் போனால் வேலையைச் சேமித்துக் கணினியை அணைப்பதற்கு மருமகனுக்குத் தேவைப்படுவது ஓரிரு நிமிடங்களே. அதற்காக அந்த விலையைக் கொடுப்பதில்லை என்றும், பழைய பற்றரி ஓய்ந்த பிறகு பார்த்துக்கொள்வது என்றும் அக்கா தீர்மானித்துவிட்டார்.